பீஞ்சமந்தையிலிருந்து சோலார் வேலைக்கு

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தைப் பக்கம். நாங்கள் மலையாளி என்னும் மலைப் பழங்குடி. சாமை அறுத்து முடித்ததும் அப்பா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விடுவார். நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்து, 2019-ல் சூரியமித்ரா என்ற மத்திய அரசின் சோலார் பயிற்சிக்குப் போனேன். போன வருடம் சித்தப்பா மகனையும் சோலார் பயிற்சியில் சேர்த்துவிட்டேன்.

படிப்பை விடப் பெரிய மலையாக நின்றது சாதிச் சான்றிதழ்தான். ஐ.டி.ஐ.யில் எஸ்.டி. இடத்துக்கு அது வேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் அளவிலேயே முடிந்துவிடும்; எங்களுக்குக் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், காட்ட ஒரு தாளும் இல்லை. பெரியப்பா மகளின் சான்றிதழைத் தேடி எடுத்து, உறவுமுறையை எழுதி இணைத்தோம். ஏழு தடவை இறங்கினேன். ஒவ்வொரு தடவையும் பஸ் காசு போக, ஒரு நாள் கூலியும் போயிற்று. அதனால் இப்போது பிள்ளைகள் எட்டாவது படிக்கும்போதே விண்ணப்பம் போடச் சொல்கிறேன்.

சூரியமித்ரா அப்போது 600 மணி நேரம், மூன்று மாதம். தங்குவது, சாப்பாடு எல்லாம் இலவசம். ஊரில் சிக்னல் கிடைக்காது என்பதால் ஒடுகத்தூர் மளிகைக்கடை அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அவர் ஆள் அனுப்பிச் சொல்லாவிட்டால் அழைப்பு வந்ததே தெரிந்திருக்காது.

முதல் வாரம், பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரை கிரிம்ப் பண்ண, அதாவது ஒயரில் நசுக்கி இறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான் போட்டதை சார் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார், ஒயர் கையோடு வந்துவிட்டது. "இது மாடியில தளர்ந்தா சூடாகி எரியும்பா" என்றார். பேனலை அணைக்க சுவிட்ச் கிடையாது; வெயில் பட்டாலே ஒயரில் வோல்டேஜ் நிற்கும். பத்துப் பேனலை வரிசையாக இணைத்தால் 400 வோல்ட்டைத் தாண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி பறக்கும். அன்று ராத்திரி இருபது கனெக்டர் போட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.

வேலை கிடைத்தும் ஒரு வருத்தம். "மலைப்பையன், நல்லா தூக்குவான்" என்று சொல்லி, நான்கு மாதம் பேனல் சுமக்கவே விட்டார்கள். ஒரு பேனல் இருபது கிலோவுக்கு மேல். பயிற்சிச் சான்றிதழ் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு நாள் காட்பாடியில் ஒரு பேனல் வரிசையில் கரண்ட் வரவில்லை. நானே வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு பேனலாகப் பார்த்து, தலைகீழாக மாட்டியிருந்த கனெக்டரைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகுதான் என்னை ஒயரிங்குக்கு மாற்றினார்கள். வாய்விட்டுக் கேட்காமல் அத்தனை மாதம் இருந்திருக்கக் கூடாது என்று இன்றும் தோன்றுகிறது. தம்பிக்கு முதலில் சொன்னதே இதைத்தான்: "தூக்கு, ஆனா மீட்டரையும் கேட்டு வாங்கு."

2024-ல் வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு புதுத் திட்டம் கொண்டுவந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதிலிருந்து வேலூர், குடியாத்தம் பக்கம் எங்களுக்கு வேலை ஓய்வதில்லை. தம்பி காட்பாடியில் என்னோடுதான் தங்கியிருக்கிறான். முதல் சம்பளம் வரும்வரை ரூம் வாடகையை நான் பார்த்துக்கொண்டேன். மலையிலிருந்து வரும் பையன் பெரும்பாலும் அந்த முதல் மாதத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறான்.

ஜார்தான்கொல்லையில் பத்தாவது முடித்த ஒரு தங்கச்சி ஒயர்மேன் படிக்கக் கேட்டிருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கும் சான்றிதழ் இல்லை. திங்கட்கிழமை அவளோடு நானும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறேன்.