நான்கு இருவாயிகளும் ஒரு லொறியும்

எங்கள் கல்லூரி மலருக்கு எழுதக் கேட்டவர்கள் விளையாட்டுப் போட்டியையோ பரிசளிப்பு விழாவையோ எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குக் கல்லூரி என்றதும் பௌதிக ஆய்வுகூடத்தின் பின்விறாந்தைதான் முதலில் நினைவுக்கு வரும்.

1992. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். பற்றறி தடைப்பட்டியலில். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால்தான் டைனமோவில் றேடியோ பாடும். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த நண்பன் மீன் ரின்னில் லொறி ஒன்று செய்தான். சில்லுகள் பழைய பாட்டா செருப்பில் வெட்டியவை, அச்சு குடைக்கம்பி. பழுதான கசற் றெக்கோடரின் மோட்டரை அதற்குள் பூட்டி, நீள வயரால் டைனமோவோடு தொடுத்தோம். நான் பெடலைச் சுற்றினேன். லொறி நகரவில்லை. நின்ற இடத்திலேயே குலைப்பன் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது.

சத்தம் கேட்டுப் பௌதிக சேர் வந்தார். ஏச்சு விழும் என்று நின்றோம். அவர் குந்தியிருந்து லொறியைத் தூக்கிப் பார்த்தார். "டைனமோ தாறது ஆடலோட்டம். உங்கட மோட்டர் கேக்கிறது நேரோட்டம். முன்னுக்குப் போ, பின்னுக்குப் போ எண்டு மாறி மாறிச் சொன்னா அது என்னடா செய்யும்?"

அடுத்தநாள் செத்துப்போன றேடியோ ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஓட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்கு இருவாயிகளை (டயோட்) கழற்றித் தந்தார். சிரட்டைத் தணலில் காய்ச்சிய இரும்பால் ஈயம் உருக்கி ஒட்டினோம். ஓட்டம் எந்தப் பக்கமாக வந்தாலும் இரண்டு இருவாயிகள் வழிவிட, மோட்டருக்கு ஒரே திசையில்தான் போய்ச் சேரும். பாடப்புத்தகத்தில் இருந்த அந்தச் சாய்சதுரப் படம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. லொறி ஓடியது! விறாந்தை முழுக்க ஓடிச் சுவரில் முட்டி நின்றது. பின்னுக்கு எடுக்க வழியில்லை, வயர் இரண்டையும் கழற்றி மாற்றிக் கொழுவ வேண்டும்.

இப்போது கனடாவில், ஸ்காபரோ வீட்டின் பேஸ்மென்றில் இன்னொரு லொறி நிற்கிறது. யப்பானிய மாதிரிக் கம்பனியான தமியாவின் 14இல் ஒரு பங்கு அளவு றிமோட் லொறியை வாங்கி, அதன் முகப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்ரிக் தகட்டில் எங்கள் ஊர் பெட்போட் லொறியின் முகப்பை வெட்டி ஒட்டினேன். சட்டத்தை அலுமினியச் சட்டம் வைத்து நீட்டினேன். 14 அடிப் பெட்டி இந்த அளவில் சரியாக ஓர் அடி. பெட்டிப் பலகை முழுவதும் ஐஸ்பழக் குச்சி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நிறமேற்றியது. சேறு தடுக்கும் றப்பர் செருப்பில் வெட்டியது. அதை மட்டும் கடையில் வாங்க மனம் வரவில்லை.

வேகந்தான் முதலில் இடித்தது. 50 கிலோமீற்றரில் போகும் லொறியை 14ஆல் பிரித்தால் மணிக்கு மூன்றரை கிலோமீற்றர், மெதுவான நடை. வாங்கிய லொறியோடு வந்த மோட்டர் அதைவிட வேகமாக இழுத்தது. உள்ளே கம்பி 55 சுற்றுச் சுற்றிய மோட்டர் போட்டதும் பாரமேற்றிய லொறியின் அசைவு வந்தது. சுற்றுக் கூடினால் வேகம் குறையும், நிதானமாக இழுக்கும்.

அடுத்தது பாரம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 14 மடங்கு குறைவதால் நிறை 2744 மடங்கு குறையும். 5 தொன் சுமைக்கு ஈடு ஏறக்குறைய 1.8 கிலோ. அவ்வளவு அரிசியைச் சிறு சாக்குகளில் கட்டி ஏற்றினேன். வீட்டு ஏற்றத்தில் முன்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பியது. ஸ்ரியறிங் திருப்பியும் பயனில்லை, லொறி புல்லுக்குள் சரிந்து ஒரு பக்கப் பலகை முழுவதும் பிய்ந்துபோனது. இரண்டு மாத வேலை. அன்றிரவு நித்திரை இல்லை.

ஊரில் இருக்கும் அதே நண்பனுக்கு வீடியோவில் காட்டினேன். பார்த்த உடனேயே சொன்னான்: "மச்சான், பெட்டி பின்னச்சுக்கு அங்கால கனக்க நீட்டிக்கொண்டு நிக்குது. அச்சைப் பின்னுக்குத் தள்ளு. முன்பாரமும் காணாது."

அச்சை இரண்டு அங்குலம் தள்ளினேன். கார்ச் சில்லுக்கு ஒட்டும் ஈயக்கட்டிகளை முன்பம்பருக்குள் வரிசையாக ஒட்டினேன். போன சித்திரை விடுமுறையில் அதே ஏற்றத்தில், அதே 1.8 கிலோவோடு, லொறி தடங்கலில்லாமல் ஏறியது. அவன் அங்கே இரவு பத்து மணிக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே கராஜ் கதவுக்குக் கிட்டப் போய் நின்றதும் கொஞ்சநேரம் கதைக்கவில்லை.

பிறகு, "இப்ப பின்னுக்கு எடு, பாப்பம்" என்றான்.

எடுத்தேன்.