கிசான் பண வசூல்: எங்கள் ஊர்க் குறிப்புகள்

27 ஆகஸ்ட் 2020, வியாழன்

காலையிலிருந்து கைரேகை மெஷின் ஒரே பதிலைத்தான் சொல்கிறது. ரேகை விழுகிறது, இருப்பு காட்டுகிறது, பணம் எடுக்கப் போனால் அனுமதி இல்லை என்று சீட்டு வருகிறது. எங்கள் ஊரில் வங்கிக் கிளை கிடையாது. பஸ்ஸும் இன்னும் ஓடவில்லை. நூறு நாள் கூலியோ முதியோர் பணமோ, எடுக்க வேண்டுமானால் வங்கி முகவரான என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வர வேண்டும்.

மேலத்தெரு ஆயா விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தார். "ரேகை தேஞ்சி போச்சு பாப்பா, இன்னொரு தடவ பாரேன்." ரேகையில் ஒரு குறையும் இல்லை. கணக்கில் 1,340 ரூபாய் இருக்கிறது. அதில் ஆயிரம் இந்த மாத முதியோர் பணம். கிளைக்குப் போன் போட்டுக் கேட்டேன். கிசான் பட்டியலில், அதாவது பிரதமர் திட்டத்தில் விவசாயிகளுக்கு வருகிற உதவிப் பணத்தின் பட்டியலில் இருக்கிற கணக்குகளுக்கெல்லாம், பணம் எடுக்க விடாமல் ஹோல்டு போடச் சொல்லி உத்தரவாம்.

ஆயாவுக்கு ஒரு சென்ட் நிலம்கூட கிடையாது. அவர் பெயர் எப்படி விவசாயிகள் பட்டியலுக்குப் போனது?

30 ஆகஸ்ட், ஞாயிறு

முழு ஊரடங்கு. திண்ணைக்கு யாரும் வரவில்லை. இரண்டு மூன்று நாளாகக் கேட்டதை எழுதி வைக்கிறேன்.

மே, ஜூன் மாதங்களில் டவுனிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். "கொரோனாவுக்கு கவர்மெண்ட் பணம் போடுது, ஆதாரும் பாஸ்புக்கும் குடுங்க" என்று தெருத் தெருவாகச் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார். ஏப்ரல் முதல் ஜூன் வரை பெண்களின் ஜன்தன் கணக்கில் மாதம் 500 ரூபாய் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. அதனால் இதையும் யாரும் சந்தேகப்படவில்லை. கொஞ்ச நாளில் 2000 ஏறியது, ஆகஸ்டில் இன்னொரு 2000. ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் கமிஷன். சிலரிடம் முன்பணமாகவே ஆயிரம்.

பிரதமரின் கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் வைத்திருக்கிற விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6000 ரூபாய், மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்றிருந்ததை அப்புறம் நிலம் உள்ள எல்லோருக்கும் என்று மாற்றினார்கள். வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர், பத்தாயிரத்துக்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர் இவர்களுக்கெல்லாம் கிடையாது. பட்டா, சிட்டா பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் இணையத்தில் யாரும் தாங்களே பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. அந்த விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டிய அலுவலர்களின் பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது. நிலம் பார்க்காமலேயே ஒப்புதல்.

தெரிந்தே வாங்கியவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. எல்லோரையும் அப்பாவி என்று நான் எழுத மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

9 செப்டம்பர், புதன்

பேப்பரில் விவரமாக வந்துவிட்டது. தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் கணக்கில் 110 கோடி ரூபாய் போயிருக்கிறதாம். வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி நேற்று சொல்லியிருக்கிறார். 32 கோடி திரும்ப வந்துவிட்டது, ஒப்பந்த ஊழியர்கள் 80 பேர் நீக்கம், 34 அதிகாரிகள் சஸ்பெண்ட், சி.பி.சி.ஐ.டி. விசாரணை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று எங்கள் பக்கத்து மாவட்டங்கள்தான் அதிகம் அடிபடுகின்றன.

அந்தப் பணம் திரும்ப வரத்தான் வேண்டும். கடலையோ கரும்போ போட்டுவிட்டு வட்டிக்கு ஓடுகிறவனுக்கு என்று ஒதுக்கியது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. யார் கையிலிருந்து எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதுதான் என் கவலை.

15 செப்டம்பர், செவ்வாய்

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு வசூல். வேளாண்மை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், கூடவே தலையாரி. பட்டியலைப் படிக்கப் படிக்க ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

ஒரு அக்கா நாலாயிரத்தை முடிச்சிலிருந்து எடுத்து வைத்தார். எல்லாம் ஐம்பதும் நூறுமாக. எண்ணி முடிக்கவே நேரமாயிற்று. மகளிர் குழுவில் கடனாக வாங்கி வந்த பணம் அது. "என் கைக்கு வந்தது மூவாயிரம்தான் சார், ஆயிரம் அந்த ஆளு எடுத்துக்கினான்" என்றார். மேசையில் இருந்தவர் கோபப்படவில்லை, நல்ல மாதிரிதான் பதில் சொன்னார். "உங்க கணக்குல ஏறினது நாலாயிரம்மா. எனக்கு அதுதான் கணக்கு."

ரசீதைப் புரட்டிப் பார்த்தேன். பெயர், ஆதாரின் கடைசி நான்கு எண், தொகை, தேதி. கமிஷன் எடுத்தது யார் என்று எழுத அதில் இடமே கிடையாது. யாராவது கேட்டிருந்தால் அந்த ஆளின் போன் நம்பரையே கொடுத்திருப்பார்கள், பாதிப் பேர் போனில் இருக்கிறது.

முன்கூட்டி நோட்டீஸ் என்று ஒரு தாள்கூட யாருக்கும் வரவில்லை. ஏன் தகுதியில்லை என்று எழுத்தில் சொல்லவில்லை. மறுத்துச் சொல்ல வேண்டுமானால் எங்கே போவது என்றும் சொல்லவில்லை. கீழத்தெரு அண்ணனுக்கு அப்பா வழியில் முக்கால் ஏக்கர், பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. அதே மாதங்களில் பதிவு செய்தார் என்பதற்காக அவர் கணக்கும் முடங்கிக் கிடக்கிறது. சிட்டா நகலைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை நின்றார். தனியாகப் பார்க்கிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

23 செப்டம்பர், புதன்

இங்கே நூறு நாள் வேலைக்கு இப்போது கூலி 256 ரூபாய். முழுக் கூலி கிடைத்தாலே நாலாயிரத்துக்குப் பதினாறு நாள் மண் வெட்ட வேண்டும். ஆனால் பலருக்கு அந்தக் கூலி ஏறுகிற கணக்கும் இந்த முடங்கிய கணக்கும் ஒன்றுதான். திருப்பிக் கட்டுவதற்கு வழியாக இருக்கிற ஒரே வரும்படியையும் பூட்டி வைத்துவிட்டு, கட்டு என்றால் எதிலிருந்து கட்டுவார்கள்?

வங்கியில் லீன் என்று ஒன்று உண்டு. கணக்கு முழுவதையும் நிறுத்தாமல் குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைப்பது. மேலே வருகிற பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அதையாவது செய்யுங்கள் என்று கிளையில் கேட்டேன். உத்தரவில் அப்படி இல்லை என்கிறார்கள். கணக்கில் ஐந்நூறு, அறுநூறு கிடந்தால் அதை அப்படியே கழித்துக்கொண்டதும் நடந்திருக்கிறது. மளிகைக்கடைப் பாக்கிக்கு வைத்திருந்த பணம் காணோம் என்று திண்ணையில் வந்து என்னிடம்தான் சண்டை போடுகிறார்கள். போடட்டும், வேறு யாரிடம் போவார்கள்.

4 அக்டோபர், ஞாயிறு

பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரிடம் இதையெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது ஒரு தீர்ப்பைச் சொன்னார். அரசு ஊழியருக்குத் தவறுதலாகச் சம்பளம் அதிகம் போட்டுவிட்டால் திரும்பப் பிடிக்கலாமா என்ற வழக்கு. பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் நடந்தது, 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஒரு வருடத்துக்குள் ஓய்வு பெறப் போகிறவர்களிடமும் பிடிக்கக் கூடாது. ஐந்து வருடத்துக்கு மேலாகக் கொடுத்து வந்ததையும் பிடிக்கக் கூடாது. பிடிப்பது மிகக் கொடுமையாக முடியும் என்று நீதிமன்றம் கருதினாலும் கூடாது. தவறு ஊழியருடையதாக இல்லாமல் அலுவலகத்துடையதாக இருந்தால்தான் இதெல்லாம்.

"அது சம்பளக்காரங்களுக்கு. உதவிப் பணத்துக்கு இத நேரா காட்ட முடியாதும்மா" என்றும் அவரே சொன்னார். சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அந்தத் தீர்ப்பில் இருக்கிற நியாயம் மாதச் சம்பளம் வாங்குகிற கடைநிலை ஊழியருக்கு உண்டு, அவரைவிடக் கீழே இருக்கிற கூலிக்காரிக்குக் கிடையாது என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பாஸ்வேர்டைக் காப்பாற்ற வேண்டியது அலுவலகம். சிட்டா பார்க்க வேண்டியதும் அலுவலகம்.

19 அக்டோபர், திங்கள்

மேலத்தெரு ஆயாவின் கணக்கு திறந்துவிட்டது. மகன் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி நாலாயிரமும் கட்டிவிட்டார். ஒன்றும் பேசாமல் முதியோர் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்த முன்பணத்துக்காக மகனும் மருமகளும் பொங்கல் கழிந்ததும் சூளைக்குப் போக வேண்டும், பேரன் படிப்பு என்ன ஆகுமோ என்று ஆயாதான் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

கீழத்தெரு அண்ணனுக்கு இன்னும் பதில் இல்லை.

17 ஜனவரி 2021, ஞாயிறு

தகவல் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசிடம் வாங்கிய விவரம் செய்தியாக வந்திருக்கிறது. நாடு முழுக்க தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது. அதில் பாதிக்கு மேல், 55 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் வருமான வரி கட்டுகிறவர்கள். பான் எண், வரிக் கணக்கு, சம்பளம் எல்லாம் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கிறவர்கள். படித்ததிலிருந்து மண்டபத்து மேசையில் எண்ணிய அந்த ஐம்பது ரூபாய் நோட்டுகள்தான் கண்ணில் நிற்கின்றன. வரி கட்டுகிறவர் வீட்டுக்கும் தலையாரியைக் கூட்டிக்கொண்டு போவார்களா?

இங்கே இன்னும் சில குடும்பங்கள் கட்டி முடிக்கவில்லை. எல்லோரையும் உட்கார வைத்து ஒரே மனுவாக எழுதினோம். மீதியை மாதம் இருநூறு, முந்நூறு என்று தவணையில் வாங்க வேண்டும். முதியோர் பணத்திலும் நூறு நாள் கூலியிலும் கை வைக்கக் கூடாது. கீழத்தெரு அண்ணன் சிட்டாவைப் பார்த்து எழுத்தில் பதில் தர வேண்டும். கமிஷன் கொடுத்தவர்கள் பெயர், தொகை, வாங்கிய ஆளின் போன் நம்பர் எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. அந்தத் தொகையை அவரிடமே வசூலித்து இவர்கள் பாக்கியில் கழிக்கச் சொல்லியிருக்கிறோம். கையெழுத்து, கைநாட்டு எல்லாம் வாங்கியாயிற்று. நாளைக்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் போகிறது, நகல் வேளாண் இணை இயக்குநருக்கு.