சொந்தக் காரணங்களால்

தெற்கு ஆவணி மூல வீதியிலுள்ள ஒரு நகைக்கடையில் ஏழு ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தேன். அரைப் பவுன் மோதிரம் ஒன்று காணாமல் போன இரவோடு அந்த வேலையும் போயிற்று.

கடை அடைக்கும் முன் ஒவ்வொரு தட்டையும் எண்ணி, எடை போட்டு, சீட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பெட்டகத்துக்குள் வைப்பது வழக்கம். அன்று என் மோதிரத் தட்டில் ஒரு குழி காலியாக இருந்தது. எடையிலும் 4 கிராம் குறைந்தது. முகூர்த்த நாள் கூட்டத்தில் நான்கு பேர் கைமாற்றிய தட்டு அது. நான் சாப்பிடப் போன நேரத்திலும் மேசைமேல்தான் இருந்தது. ஆனால் காலைச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து மட்டுமே. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த தயிர்ச் சோற்றைக் கரண்டிக் காம்பால் கிளறிப் பார்த்தார்கள். கேமரா பதிவைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். பார்த்தாயிற்று என்றார்களே தவிர, எனக்குக் காட்டவில்லை.

பிறகு மேலாளர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "தம்பி, எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. ஸ்டேஷன் வரைக்கும் போனா உனக்குத்தான் அசிங்கம்" என்றார். சொந்தக் காரணங்களால் வேலையிலிருந்து விலகுவதாக அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேனாவும் அவருடையதே.

மதுரையில் திருட்டுப் பழி என்றாலே கோவலனைச் சொல்லித்தான் ஆறுதல் கூறுகிறார்கள். அந்தப் பொற்கொல்லனாவது பழியை வாய்விட்டுச் சொன்னான். "நீதான் எடுத்தாய்" என்று என்னிடம் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத பழியை மறுப்பது எப்படி?

ஆறு மாதங்கள் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்றும், முறைகேடு என்று சொல்லி முன்னறிவிப்பின்றி நீக்குவதானால் அதற்கென்றே விசாரணை நடத்திப் போதிய சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 41ஆம் பிரிவில் சொல்வதைப் பிறகுதான் ஒரு வழக்கறிஞர் மூலம் அறிந்தேன். அவர் என்னிடம் முதலில் கேட்டது, நீக்கிய உத்தரவு எங்கே என்பது. அப்படி ஒரு தாளே இல்லை. இருந்த ஒரே தாள் என் கையெழுத்தில் அவர்களிடம் இருந்தது. மிரட்டி எழுதி வாங்கியது என்று வாதாடலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள் என்றார். அறையில் இருந்த மூவரும் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்கள்.

அடுத்த மாதம் கீழமாசி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு வேலை கேட்டுப் போனேன். ஏழு வருடம் இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று முதலாளி கேட்டார். சொந்தக் காரணம் என்றேன். என்ன காரணம் என்றார். அந்தத் தாளில் அதை மட்டும் எழுதச் சொல்லியிருக்கவில்லை.