வெளியே வந்தது என்ன, உள்ளே போனது என்ன: என் சிபிசி தேர்வு அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்த்தான் மெடிக்கல் கோடிங் படித்தேன். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோட்களை அமெரிக்கக் காப்பீட்டு பில்லுக்காகப் போடும் வேலை அது. அதற்கான சான்றிதழ் தேர்வுதான் சிபிசி. முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்கள் வரிசையாகப் போகும். மடியில் சிபிடி என்ற சிகிச்சைக் கோட் புத்தகம் இருக்கும். இப்போது பயிற்சியில் இருக்கும் தங்கைகள் சிலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்தப் பகுதியை விட்டுவிடலாம்?" என்பதுதான். பெரும்பாலும் அவர்கள் விட நினைப்பது புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் மூன்றாம் வகை கோட்களை. நான்கு இலக்கமும் கடைசியில் 'டி' (T) எழுத்தும் வரும், புதிய சிகிச்சைகளுக்கான கோட்கள். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன், ஒரு மாதிரித் தேர்வு வரும்வரை.

அதில் ஓர் அறுவை சிகிச்சைக் குறிப்பு. நோயாளிக்கு இரண்டு காதிலும் சமநிலை உறுப்பு செயலிழந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது உள்காதில் சமநிலைக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். இப்போது காதுக்குப் பின்னால் தோலில் தொற்று. மருத்துவர் பழைய தழும்பைத் திறந்து, கருவியை மின்முனைகளோடு எடுத்து, இடத்தைக் கழுவித் தையல் போட்டிருக்கிறார். கடைசி வரி: தொற்று ஆறிய பிறகு புதிய கருவி பொருத்துவது பற்றி யோசிக்கப்படும்.

நான் நேராக 69000 வரிசைக்குப் போனேன். காது என்றால் அங்கேதானே? 69711 கண்ணில் பட்டது. அது எலும்பு வழி ஒலி கடத்தும் கேட்கும் கருவியை எடுப்பதற்கோ பழுது பார்ப்பதற்கோ உரியது. பொருந்தவில்லை. சரி, உள்காதில் பட்டியலிடப்படாத சிகிச்சைக்கான 69949 இருக்கிறதே என்று அதைப் போட்டேன். பக்கத்தில் இருந்த தோழி 0727டி போட்டாள். இரண்டுமே தவறு.

எங்கள் பயிற்சி சார் திட்டவில்லை. "கோட் புத்தகத்தை மூடு. வெளியே வந்தது என்ன, உள்ளே போனது என்ன, இரண்டையும் ஒரு தாளில் எழுதும்மா" என்றார். வெளியே வந்தது: சமநிலைக் கருவி, வலது பக்கம். உள்ளே போனது: ஒன்றுமில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் விடை தானாக வந்தது. 0725டி ஒரு பக்கம் கருவி பொருத்துவதற்கு. 0726டி எடுப்பதற்கு. 0727டி எடுத்துவிட்டு மாற்றுக் கருவி வைப்பதற்கு. 0728டி முதல் முறை புரோகிராம் செய்து ஆராய்வதற்கு, 0729டி அடுத்தடுத்த முறைகளுக்கு. இந்த ஐந்தும் 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. தோழி விழுந்த இடம் அந்தக் கடைசி வரி. இனிமேல் செய்யப்போவது திட்டம். கோட் அன்றைக்குச் செய்து முடித்ததற்கு மட்டும். நான் விழுந்த இடம் வேறு. மூன்றாம் வகையில் சரியான கோட் இருக்கும்போது பட்டியலிடப்படாத கோடைப் போடவே கூடாது என்பது சிபிடி விதி. விடை 0726டி, அதோடு வலது பக்கத்தைக் காட்டும் துணைக் குறியீடான ஆர்டி (RT) மாடிஃபையர்.

இந்த விதி ஏன் என்று புரிந்தால் மறக்காது. மூன்றாம் வகை கோட்கள் இருப்பதே புதிய சிகிச்சைகள் எத்தனை முறை நடக்கின்றன என்று கணக்கு வைக்கத்தான். ஐந்து ஆண்டுகளுக்குள் வழக்கமான சிகிச்சைகளுக்கான முதல் வகைக்குப் போகும், நீட்டிக்கப்படும், அல்லது நீக்கப்படும். உள்காது சமநிலைக் கருவியோ இன்னும் ஆய்வு நிலையில் இருப்பது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2021இல் வெளியிட்ட முடிவுகளே எட்டுப் பேரைப் பற்றியவை. இவ்வளவு குறைவான பேரில் ஒருவருக்குக் கருவியை எடுக்க வேண்டி வந்தாலே அது பெரிய செய்தி. அதை 69949க்குள் போட்டுவிட்டால், வேறு எத்தனையோ சிகிச்சைகளோடு கலந்து காணாமல் போய்விடும்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு வீட்டிலும் ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மாவுக்கு ஜெண்டாமைசின் ஊசிக்குப் பிறகு இரண்டு காதிலும் சமநிலை போய்விட்டது. பகலில் தரையைப் பார்த்து நடந்துவிடுவார். கரண்ட் போனால் சுவரைப் பிடிக்காமல் ஓர் அடி வைக்க முடியாது. சில்வர் பீச் மணலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்தக் குறிப்பில் இருந்த நோயாளியை நான் அவர் முகத்தோடுதான் படித்தேன்.

நோய்க்குப் போடும் ஐசிடி கோடில் இன்னும் கவனம் வேண்டும். எடுத்ததற்குக் காரணம் தொற்று, ஆகவே முதலில் டி85.79எக்ஸ்ஏ (T85.79XA). இரண்டாவதாக எச்83.2எக்ஸ்3, இரு காதிலும் உள்காதுச் செயலிழப்பு. இங்கேதான் பலர் வலது காதுக்கான எச்83.2எக்ஸ்1 போடுகிறார்கள், கருவி வலதில் இருந்ததால். கருவியின் பக்கம் வேறு, நோயின் பக்கம் வேறு. கிருமியின் பெயர் குறிப்பில் இருந்தால் அதற்கும் கூடுதல் கோட் தேவை.

கடைசி எழுத்து 'ஏ' என்பது முதல் வருகை என்று பொருள்படும். கருவி வைத்து இரண்டு வருடம் ஆயிற்றே, இது எப்படி முதல் வருகை என்று எனக்கு ஒரு வாரம் குழப்பம். பதில் ஐசிடி வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது: அந்தக் கோட் சொல்லும் சிக்கலுக்கு நேரடிச் சிகிச்சை நடக்கிறவரை 'ஏ'தான், கருவி எப்போது வைத்திருந்தாலும். நடுவில் வரும் எக்ஸ் வெறும் இடநிரப்பி. டி85.79இல் ஐந்து எழுத்துகள்தான், ஏழாவது இடத்துக்குப் போக ஓர் எக்ஸ் வேண்டும். தொற்று இல்லாமல் கருவி பழுதாகி எடுத்திருந்தால் டி85.618ஏ. அதில் ஏற்கனவே ஆறு இருப்பதால் எக்ஸ் வராது. எண்ணிப் பார்த்துப் போடுங்கள். இந்த எக்ஸில் போகும் மதிப்பெண் ஏராளம்.

காது கேட்க வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் குறிப்பும் இதுவும் படிக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். காதுக்குப் பின் கீறல், மாஸ்டாய்டு எலும்பைக் குடைதல், தோலுக்கடியில் கருவி, எல்லாம் ஒன்றுதான். மின்முனை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். கேட்கும் உறுப்பான காக்ளியாவுக்குள் என்றால் பொருத்துவதற்கு 69930. அரைவட்டக் குழாய்கள், ஆம்புல்லா (அந்தக் குழாய்களின் புடைத்த முனை) என்ற சொற்கள் வந்தால் சமநிலைக் கருவி. பத்தாம் வகுப்பில் படித்த காதுப் படத்தை மீண்டும் வரைந்து பாருங்கள். நான் ரோமன் ரோலண்டு நூலகத்தில் உட்கார்ந்து நான்கு முறை வரைந்தேன்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: நூறு கேள்வி, நான்கு மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சராசரியாக ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. சிபிடி, ஐசிடி, ஹிக்பிக்ஸ் (மருந்து, கருவிகளுக்கான கோட் புத்தகம்) மூன்றையும் பார்த்து எழுதலாம், ஆனால் நடப்பு ஆண்டுப் புத்தகமே நல்லது. சீனியரின் பழைய புத்தகம் படிக்க உதவும், தேர்வுக்கு உதவாது. பக்கம் அடையாளம் காட்டும் டேப் ஒட்டலாம். தனித் தாள் செருகக் கூடாது. என் புத்தகத்தில் மூன்றாம் வகைப் பகுதிக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருந்தேன். எந்த வரிசையில் தேடினாலும் கிடைக்காத சிகிச்சை என்றால், பட்டியலிடப்படாத கோடுக்குப் போகும் முன் அந்தச் சிவப்பு டேப்பைத் திறப்பது என்று கையைப் பழக்கிக்கொண்டேன். அந்தந்தக் கோடுக்குக் கீழே அடைப்புக்குறியில் இருக்கும் குறிப்பையும் விடாமல் படியுங்கள். எதை எதோடு சேர்த்துப் போடக் கூடாது என்பது அங்கேதான் இருக்கும்.

வேலைக்கு வந்தபின் ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. மூன்றாம் வகைக்கு நிர்ணயித்த கட்டண மதிப்பு இல்லை. கட்டணம் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் முடிவைப் பொறுத்தது. டினையல், அதாவது பணம் தர மறுப்பு, வரும் என்று பயந்து, காசு கிடைக்கிற மாதிரி வேறொரு கோடுக்கு மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். அது பொய்யான காப்பீட்டுக் கிளைம்.

இன்னொன்று, பக்கம். அறுவை சிகிச்சைக் குறிப்பில் வலதா இடதா என்று இல்லாமல் சில சார்ட் (நோயாளியின் பதிவு) வரும். பழைய வருகையில் வலது என்று இருக்கிறதே என்று நீங்களாக ஆர்டி போட்டு முடித்துவிடாதீர்கள். மருத்துவரிடம் விளக்கம் கேட்டு க்வெரி போட்டுவிட்டு, பதில் வரும்வரை சார்ட்டைப் பெண்டிங்கிலேயே வையுங்கள்.