இரண்டு பள்ளம், இருபதாயிரம் புள்ளி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லேப் பூட்டும் நேரம். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு வந்தாள். "மேம், அரை மணி நேரமா இப்படியே நிக்குது. மவுஸ்கூட நகர மாட்டேங்குது."

அவளுடைய புராஜெக்ட் இரட்டைப் பள்ளம். நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் ஒரே ஆழத்தில் இரண்டு பள்ளங்கள்; அதில் ஒரு துகளை விட்டால் அதன் ஆற்றல் மட்டங்கள் என்னென்ன? நீங்களும் போட்டுப் பார்க்க விரும்பினால்: இடத்தை வர்க்கப்படுத்தி, 36-ஐக் கழித்து, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்தி 288-ஆல் வகுக்க வேண்டும். அதுதான் நிலையாற்றல். பள்ளங்கள் −6-லும் 6-லும் விழும், நடு மேட்டின் உயரம் 4.5. நிறை, பிளாங்க் மாறிலி எல்லாம் 1.

அவள் −10 முதல் 10 வரை 0.001 இடைவெளியில் புள்ளி வைத்து, துகளின் ஆற்றலையும் அலையையும் தரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் இரண்டாம் வகைக்கெழுவுக்குப் பதில் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தைப் போட்டிருந்தாள். வழி சரிதான். ஒவ்வொரு புள்ளியும் தன் இடது வலது அண்டை வீட்டாரோடு மட்டும் பேசும். அதனால் கிடைப்பது சமச்சீரான மும்மூலைவிட்ட அணி: நடு மூலைவிட்டமும் அதை ஒட்டி மேலும் கீழும் ஒன்றும், மீதி எல்லாம் பூஜ்யம். சில வெக்டர்களை அணி திசை மாற்றாமல் நீட்ட மட்டும் செய்யும்; அவை ஐகன் வெக்டர்கள், நீட்டும் அளவுகள் ஐகன் மதிப்புகள். இந்த அணியின் ஐகன் மதிப்புகள்தான் ஆற்றல் மட்டங்கள்.

ஆனால் அவள் 20,000-க்கு 20,000 என்று முழு அணியையும் கட்டி, பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பையின் பொதுவான ஐகன் கட்டளையிடம் கொடுத்துவிட்டாள். 40 கோடி எண்கள், 320 கோடி பைட். அதில் பூஜ்யம் அல்லாதவை 59,998 மட்டுமே. அந்தக் கட்டளைக்கு அணி சமச்சீரானது என்றுகூடத் தெரியாது. அவள் கேட்டதோ கீழே உள்ள நான்கு மட்டங்கள். அது தேட ஆரம்பித்தது இருபதாயிரத்தையும்.

நம்பையின் கூட்டாளித் தொகுப்பான சைபையில் இதற்கென்றே 'ஐக்ஹெச் ட்ரைடயகனல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அணியே வேண்டாம், இரண்டு பட்டியல் போதும்: மூலைவிட்டத்துக்கு 20,000 எண்கள், பக்கத்துக்கு 19,999. சேர்ந்து 320 கிலோபைட்தான். எந்த வரிசை எண்ணிலிருந்து எது வரை மதிப்புகள் வேண்டும் என்றும் சொல்லலாம். முதலில், விடை தெரிந்த ஒற்றைப் பள்ளத்தைக் கொடுக்கச் சொன்னேன். விடை 0.5 வர வேண்டும், வந்தது 0.49999997. குறைகிற அந்தத் துளி எங்கிருந்து வருகிறது என்றும் சொல்ல முடியும்: இடைவெளியின் வர்க்கத்தை 32-ஆல் வகுத்தால் சரியாக அதுதான். இப்படிக் குறைபாட்டுக்கும் கணக்கு ஒத்துப்போகிற தருணம் எனக்கு எப்போதுமே பெரிய சந்தோஷம்.

"மேம், இது எப்படி இவ்ளோ சீக்கிரம்?" என்று கேட்டாள். லேப் பூட்டுவதை மறந்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தேன்.

மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை எழுதினேன். மூலைவிட்டத்தில் 2, 2, 2. பக்கத்தில் −1, −1. இதன் ஐகன் மதிப்புகள் எவை என்று கேட்காதே, ஓர் எண்ணைச் சொல்லி அதற்குக் கீழே எத்தனை இருக்கின்றன என்று மட்டும் கேள் என்றேன். 2.5 என்று வைத்துக்கொள்வோம். முதல் படி: 2-லிருந்து 2.5 போக −0.5. அடுத்த படி: மறுபடி 2-லிருந்து 2.5-ஐக் கழித்து, பக்கத்து எண்ணின் வர்க்கத்தை முந்தைய விடையால் வகுத்ததையும் கழிக்க வேண்டும். −0.5 கழித்தல் 1/(−0.5), அதாவது 1.5. மூன்றாவது படி அதே மாதிரி: −0.5 கழித்தல் 1/1.5, ஏறக்குறைய −1.167. மூன்றில் இரண்டு எதிர்ம எண்கள். அப்படியானால் 2.5-க்குக் கீழே இரண்டு ஐகன் மதிப்புகள். உண்மையான மதிப்புகள் 0.586, 2, 3.414. ஆமாம், இரண்டுதான்.

இவ்வளவுதான் முறை. ஓர் எல்லையை எடுத்துக்கொள், நடுவில் வெட்டு, எண்ணு, வேண்டிய பாதியை வைத்துக்கொண்டு மறுபடி வெட்டு. அவளுடைய அணிக்கு எல்லை சுமார் 20 லட்சம் அகலம். இரட்டைத் துல்லியம் (ஓர் எண்ணுக்கு 8 பைட், சுமார் 16 இலக்கம்) அனுமதிக்கும் கடைசி இலக்கம் வரை போக 52 வெட்டு போதும். வெட்டுக்கு 20,000 வகுத்தல் என்றால் ஒரு மதிப்புக்குப் பத்து லட்சம் வகுத்தல். இன்றைய கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

"நான் 1-ன்னு கேட்டா?" என்று அவளே போட்டுப் பார்த்தாள். முதல் படி 1. இரண்டாவது படி 1 கழித்தல் 1, பூஜ்யம். அடுத்த படியில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். கையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பூஜ்யத்துக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன எண் ஒன்றைப் போட்டுக்கொள். அது நேர்மம் என்றால் அடுத்த படி மாபெரும் எதிர்ம எண். மொத்தத்தில் ஓர் எதிர்மம். சின்ன எண்ணே எதிர்மம் என்றால் அடுத்தது மாபெரும் நேர்ம எண். அப்போதும் மொத்தத்தில் ஓர் எதிர்மம்தான். எந்தப் பக்கம் தள்ளினாலும் விடை ஒன்றே. சைபை அடியில் அழைக்கும் லாபேக் என்ற அணிக் கணக்குத் தொகுப்பின் உள்ளே நடப்பதும் இதே சின்ன எண் வைத்தியம்தான்.

எண்ணுகிற யோசனையின் வேர் 1829-இல் கணிதவியலாளர் ஸ்டர்ம் சொன்ன தேற்றத்தில் இருக்கிறது. 1954-இல் கிவன்ஸ் அதைக் கணினிக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர் வழியில் வகுத்தல் கிடையாது, ஒவ்வொரு படியிலும் ஒரு அணிக்கோவை. அவளுடைய எண்களை அப்படிப் போட்டால் 55 படிகளுக்குள் கணினியின் மிகப் பெரிய எண்ணையே தாண்டிவிடும். நான் கரும்பலகையில் போட்ட வகுத்தல் வடிவத்தை 1967-இல் பார்த், மார்ட்டின், வில்கின்சன் மூவரும் வெளியிட்டார்கள். ரவுண்டிங் பிழையோடு எண்ணினாலும், பக்க எண்கள் கடைசி இலக்கத்தில் மட்டும் மாறிய வேறொரு அணியின் மிகச்சரியான எண்ணிக்கையே வருகிறது என்று காட்டியவர் கஹான். இந்த முறையை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது அதனால்தான்.

அப்புறம் இரட்டைப் பள்ளத்துக்கு வந்தோம். 1-க்குக் கீழே எத்தனை என்று கேட்டால் இரண்டு. இரண்டுமே 0.493-ஐ ஒட்டியவை. அவளுக்கு வேண்டியது அவற்றின் இடைவெளி. துகள் மேட்டை ஊடுருவி அந்தப் பக்கம் போகும் வேகத்தைச் சொல்வது அதுதான். அந்த இடைவெளி மட்டும் ஒரு நிலையில் நிற்கவில்லை. புள்ளிகளைக் கொஞ்சம் மாற்றினாலும் வேறு எண் வந்தது.

"இன்னும் நெருக்கமா புள்ளி வைக்கட்டுமா மேம்?"

வேண்டாம் என்றேன். 0.001 இடைவெளியில் மூலைவிட்ட எண்கள் பத்து லட்சத்தைத் தொடுகின்றன, அணியின் அளவு 20 லட்சம். அதை இரட்டைத் துல்லியத்தின் கடைசி இலக்கத்தால் பெருக்கினால் ஆயிரம் கோடியில் நான்கு பங்கு. அதற்குக் கீழே போக வேண்டாம் என்றுதான் கட்டளைக்கும் இயல்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நாங்கள் தேடிய ஆற்றல் இடைவெளியோ ஆயிரம் கோடியில் ஐந்து பங்கு. நெருக்கினால் இரைச்சல்தான் கூடும். புள்ளிகளின் இடைவெளியை 0.01 ஆக்கினால் 2,000 புள்ளிகள், இரைச்சல் நூறில் ஒரு பங்காகிவிடும்.

துகள் எங்கே இருக்க வாய்ப்பு என்று சொல்லும் அலைச் சார்புகளுக்கு, அதாவது ஐகன் வெக்டர்களுக்கு, அதுவும் போதாது. இவ்வளவு நெருங்கிய இரண்டு மதிப்புகளின் ஐகன் வெக்டர்கள் ஒன்றோடொன்று லேசாகக் கலந்துவிடும். வில்கின்சனின் 21-க்கு 21 அணியில் இதைப் பார்க்கலாம்: மூலைவிட்டத்தில் 10-லிருந்து 0 வரை இறங்கி மறுபடி 10 வரை ஏறும் எண்கள், பக்கத்தில் எல்லாம் 1. அதன் பெரிய இரண்டு மதிப்புகளும் 10.746194182903 வரை ஒன்றே. அதுவும் ஒரு வகை இரட்டைப் பள்ளம்தான்.

மருந்து சமச்சீரிலேயே இருக்கிறது. இடமும் வலமும் ஒன்று என்பதால், அலைச் சார்பு இரட்டைச் சார்பாகவோ (இரு பக்கமும் அதே மதிப்பு) ஒற்றைச் சார்பாகவோதான் (மறுபக்கம் குறி மட்டும் மாறும்) இருக்க முடியும். ஆகவே வலது பாதியின் 1,000 புள்ளிகளை மட்டும் எடுத்து இரண்டு தனி அணிகள் எழுதினாள். மைய ஓரத்தில் இருக்கும் அந்த ஒரே ஒரு மூலைவிட்ட எண்ணில் 10,000-க்குப் பதில் இரட்டைக்கு 5,000, ஒற்றைக்கு 15,000. அதோடு அந்த இடத்து நிலையாற்றல். மற்ற 999 மூலைவிட்ட எண்களும் பக்க எண்கள் அத்தனையும் இரண்டிலும் ஒன்றே. ஒவ்வொன்றிலும் கீழ் மதிப்பு இப்போது தனியாக நின்றது, பக்கத்தில் குழப்ப ஆள் இல்லை.

இரண்டையும் கழித்தாள். ஆயிரம் கோடியில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. புள்ளிகளை மாற்றி மூன்று முறை போட்டாள், மூன்று முறையும் அங்கேயே நின்றது. வாட்ச்மேன் சாவியோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு அலைச் சார்புகளையும் ஒரே படத்தில் வரைந்து, வலது பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகவே விழுந்த இரண்டு கோடுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.