இரண்டு பக்கமும் தலை: ஒரு 1798 செம்பு சென்ட்டைச் சரிபார்த்த அனுபவம்

அமெரிக்காவின் பழைய செம்பு சென்ட்களில் பிழைக் காசுகள் இரண்டு வகை. ஒன்று, அச்சிலேயே இருக்கும் பிழை. 1796 சென்ட் ஒன்றில் ‘லிபர்ட்டி’யின் ‘பி’ எழுத்தை முதலில் திருப்பிப் பதித்து, அதன் மேலேயே திருத்தியிருப்பார்கள். பார்க்க ‘எச்’ போல இருக்கும். 1801-இல் 1/100 என்று வரவேண்டிய பின்னம் 1/000 என்று விழுந்த சென்ட்டும் உண்டு. அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அந்தப் பிழை இருக்கும். இன்னொன்று, காசை அடிக்கும் நொடியில் நேர்வது. எனக்கு இதுதான் உயிர். ஒவ்வொரு காசும் தனி.

ஒரு நாணயக் கண்காட்சியில் கிடைத்த 1798 சென்ட் இந்த இரண்டாம் வகை. ஒரு பக்கம் லிபர்ட்டி என்ற பெண்ணுருவின் தலை வழக்கம்போல மேடாக இருக்கிறது. மறுபக்கம் இலை வளையத்துக்குப் பதில் அதே தலை, குழியாக, இடவலம் மாறி. இதை பிராக்கேஜ் என்பார்கள். அடித்த காசு கீழே விழாமல் ஒரு அச்சில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்று வில்லை வந்து உட்கார, ஒட்டிய காசே அச்சாகிவிடும். போலி என்றால் திருப்பித் தரலாம் என்று டீலரிடம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

எடையும் விளிம்பும் சீக்கிரம் முடிந்தன. 1795 கடைசியில் சென்ட்டின் எடையை 10.89 கிராமாகக் குறைத்தார்கள். தேய்மானத்தைக் கழித்துப் பார்த்தால் என் காசு சரியாக வந்தது. இரண்டு காசுகளை ஒட்டிய தையலும் விளிம்பில் இல்லை.

பெரிய சந்தேகம் வைஸ்தான், அதாவது பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி. இரண்டு சென்ட்களைச் சேர்த்து வைஸில் இறுக்கினால் ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். ஆனால் பழைய இலை வளையத்தின் தடம் அடியில் எங்காவது தெரியும், மறுபக்கத் தலையும் நசுங்கும். லென்ஸில் எவ்வளவு தேடியும் இரண்டும் தென்படவில்லை. குழித் தலையில் கூந்தல் இழைகள் மேட்டுத் தலையைவிடத் தெளிவாக இருந்தன. குழிக்குள் இருப்பது கைபட்டுத் தேயாது, அதனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் குழிப் பக்கத்தைப் படமெடுத்து, கணினியில் இடவலம் திருப்பி, மேட்டுப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 1798-க்கு முகப்பு அச்சுகள் பல. ஆண்டு இலக்கங்களைக் கையால் ஒவ்வொன்றாகப் பதித்ததால் இடைவெளி அச்சுக்கு அச்சு மாறும். என் காசில் நான்கு இலக்கமும் அச்சு அசலாகப் பொருந்தின. அச்சில் விழுந்த ஒரு மெல்லிய விரிசல்கூட ஒரு பக்கம் மேட்டுக் கோடாகவும் மறுபக்கம் பள்ளக் கோடாகவும் ஓடியது. அதைக் கண்டபோது மனம் அப்படியே நிறைந்துபோனது. வைஸ் வைத்திருக்கிறவனுக்கு அதே அச்சில், அதே விரிசலோடு வந்த இன்னொரு காசு எங்கே கிடைக்கும்?

மிச்சம் இருந்தது ஷெல்டன் எண். 1793 முதல் 1814 வரையிலான சென்ட்களை வகை பிரித்த வில்லியம் ஷெல்டன் கொடுத்த எண் அது, முகப்பும் பின்பக்கமும் சேர்ந்த ஜோடிக்கு உரியது. 1798-க்கு மட்டும் நாற்பதுக்கும் மேல். என் காசிலோ பின்பக்கமே இல்லை! அந்த முகப்பு அச்சு ஒன்றுக்கு மேற்பட்ட பின்பக்க அச்சுகளோடு ஓடியது. நல்லவேளையாக விரிசல் கைகொடுத்தது: முந்திய ஜோடியின் படங்களில் அது இல்லை, பிந்தியதில் இருக்கிறது. உறையில் பிந்திய எண்ணையே எழுதி வைத்திருக்கிறேன்.