புத்தர் சிலையைப் பார்த்துப் படிக்கிறது எப்படி: குரூப் 1, யூபிஎஸ்சி எழுதப்போற நம்ம நெல்லைப் பிள்ளைகளுக்கு

பௌத்தக் கலைன்னு சொன்னாலே முக்காவாசி பேருக்கு ஒரு டேபிள்தான் ஞாபகம் வருது. தாமரைன்னா பிறப்பு, குதிரைன்னா துறவு, அரசமரம்னா ஞானம், சக்கரம்னா சாரநாத்ல சொன்ன முதல் உபதேசம், ஸ்தூபின்னா பரிநிர்வாணம், அதாவது புத்தரோட மறைவு. பாளையங்கோட்டை மைய நூலகத்துல உக்காந்து படிக்கிற தம்பி தங்கச்சிக நோட்ல எல்லாம் இதத்தான் பாக்கேன். தப்பு இல்ல, பிரிலிம்ஸ்க்கு அது வேணும். ஆனா மெயின்ஸ்ல கேக்கது வேற, அதுக்கு அந்த டேபிள் கை கொடுக்காது. நான் ரெண்டு பரிட்சையும் எழுதுனவன், இந்தப் பகுதிய எப்படிப் படிச்சா மனசுல நிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன்.

மொதல்ல ஒரு படத்த எடுத்துக்கிடுங்க, ஒரே படம். சாஞ்சி கிழக்கு வாசல் தோரணத்துல நடு உத்தரத்துல இருக்கே, சித்தார்த்தர் அரண்மனைய விட்டுக் கிளம்புத காட்சி, அது. நெட்ல நல்ல பெரிய படமா கிடைக்கும், ஜூம் பண்ணி பொறுமையா பாருங்க. ஒரே குதிரை இடதுல இருந்து வலதுக்குத் திரும்பத் திரும்ப வருது, மேல ஆள் இல்ல, ஆனா ஆள் இருக்க வேண்டிய இடத்துக்கு மேல குடை பிடிச்சுக்கிட்டு வராங்க, கடைசில குதிரை நின்னுருது, குடை ஒரு ஜோடி பாதத்துக்கு மேல போயிருது, அப்புறம் அதே குதிரை குடை இல்லாம திரும்பி வருது. அவரு இறங்கிட்டாரு, இனிமே வரமாட்டாருன்னு ஒரு முகத்தக்கூட காட்டாம சொல்லிட்டான் பாருங்க அந்தச் சிற்பி. கிமு முதல் நூற்றாண்டு, சாதவாகனர் காலம். இதப் பாத்துட்டா "குதிரை துறவின் குறியீடு"ன்னு மனப்பாடம் பண்ண வேண்டிய வேலையே இல்ல, நீங்களா நாலு வரி எழுதிருவீங்க. எனக்கு இந்தியக் கலையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், அதான் இவ்வளவு இழுத்துச் சொல்லுதேன்.

2016 மெயின்ஸ்ல கேட்டாங்க, ஆரம்பகால ஸ்தூபிக் கலை நாட்டுப்புற உருவங்களையும் கதைகளையும் காட்டிக்கிட்டே பௌத்தக் கொள்கைய எப்படி விளக்குதுன்னு. இதுக்கு ஹர்மிகா, அண்டம், மேதி, வேதிகைன்னு பாகங்கள் பேர மட்டும் அடுக்கினா மார்க் வராது. அந்தத் தோரணத்துல மரக்கிளைய ஒரு கையால பிடிச்சுத் தொங்குறாப்ல ஒரு பொண்ணு நிக்கா பாருங்க, சாலபஞ்சிகா, அவ பௌத்த நூல்ல இருந்து வந்தவ கிடையாது, அவ தொட்டா மரம் பூக்கும்னு சனங்க நம்புன நம்பிக்கையில இருந்து வந்தவ. ரெண்டு யானை தண்ணி ஊத்த நடுவுல தாமரை மேல ஒரு அம்மா, அவள மாயாதேவின்னும் சொல்லுதாங்க, கஜலட்சுமின்னும் சொல்லுதாங்க. யக்ஷன், நாகம், ஜாதகக் கதையில, அதாவது புத்தரோட முற்பிறவிக் கதையில வர்ற மிருகங்க, இப்படி சனங்க ஏற்கெனவே கும்பிட்டதயும் கேட்ட கதையயும் வாசல்லயே வச்சு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. தெற்கு வாசல்ல விதிஷாவுல யானைத்தந்தம் செதுக்குறவங்க செஞ்சதுன்னு கல்வெட்டே இருக்கு, அந்த ஒரு வரிய எழுதுனா போதும், படிச்சவன்னு பேப்பர் திருத்துறவருக்குத் தெரிஞ்சிரும்.

இதுவரைக்கும் புத்தர குறியீட்டாலதான் காட்டுனாங்க, அடுத்து உருவம் வர்ற கட்டம். குஷாணர் காலத்துல, கிபி முதல் நூற்றாண்டு வாக்குல, காந்தாரத்துலயும் மதுராவுலயும் புத்தர் ஆளா நிக்க ஆரம்பிக்காரு. இத கல்ல வச்சுப் படிங்க, மறக்காது. சாம்பக் கலர் ஷிஸ்ட்ங்கிற உருமாறிய பாறை, சுருண்ட அலைமுடி, ரெண்டு தோளும் மூடுன கனமான மடிப்புத் துணின்னா காந்தாரம். புள்ளி விழுந்த சிவப்பு மணற்கல்லு, வலது தோள் திறந்து, உடம்பு திடமா இருந்தா மதுரா. வெள்ளையும் இளம்பச்சையுமா சுண்ணாம்புக்கல்லுல ஆளுக நெருக்கியடிச்சுக் கூட்டமா இருந்தா அமராவதி. துணி இருக்கதே தெரியாம உடம்போட ஒட்டி, கண்ணு கீழ பாத்துக்கிட்டு, சுனார் மணற்கல்லா இருந்தா குப்தர் கால சாரநாத். 2014ல காந்தாரச் சிற்பம் கிரேக்கத்துக்கு எவ்வளவு கடன்பட்டதோ ரோமுக்கும் அவ்வளவு கடன்பட்டதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு, முகத்துக்கு கிரேக்கக் கடவுள் அப்பல்லோ சாயல எழுதிட்டு, துணி மடிப்புக்கு ரோமர் போத்துற டோகாவ எழுதாம விட்டா பாதி பதில்தான்.

அமராவதிய மட்டும் எழும்பூர் மியூசியத்துல நேர்ல பாத்துருங்க, மெட்ராஸுக்கு இன்டர்வியூவோ டெஸ்ட் பேட்ச்சோ எதுக்குப் போனாலும் அரை நாள் ஒதுக்குங்க. அந்த ஸ்தூபிய 1845ல தோண்டி கல்லுகள மெட்ராஸுக்குக் கொண்டுவந்தவரு வால்டர் எலியட்ங்கிற ஆங்கிலேய அதிகாரி. அங்க ஒரே ஸ்தூபியோட கல்லுலயே காலியான சிம்மாசனமும் இருக்கு, புத்தர் உருவமும் இருக்கு, அதனால உருவம் வந்த அன்னைக்கே குறியீடு போயிருச்சுன்னு எழுதாதீங்க. நாகப்பட்டினம் வெண்கலங்களும் அதே மியூசியத்துலதான், தலைல தீச்சுடர் மாதிரி கொழுந்து நிக்கும், அத வச்சே அடையாளம் சொல்லிரலாம். ஸ்ரீவிஜய அரசர் கட்டின சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரக் கொடுத்தத இதோட சேத்து எழுதுனா குரூப் 1க்கு அருமையா இருக்கும்.

முத்திரைக்கு வருவோம். பாளை தசராவுல சப்பரம் வரும்போது கையில என்ன இருக்குன்னு பாத்துத்தான எந்த அம்மன்னு சொல்லுதோம், இங்கயும் கைதான் கதைய சொல்லும். வலது கை முழங்காலத் தாண்டி தரையத் தொட்டா பூமிஸ்பரிசம், மாரன் வந்து சோதிக்கும்போது பூமிய சாட்சிக்குக் கூப்பிட்ட நேரம், இது யூபிஎஸ்சில நேரடியாவே கேட்ட கேள்வி. ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால விரல் சேந்து இருந்தா தர்மசக்கரம், சாரநாத் உபதேசம். அபயம், வரதம், தியானம் மூணும் நம்ம கோயில் பாத்து வளந்த பிள்ளைகளுக்குச் சிரமம் இல்ல. புத்தராகப் போற போதிசத்துவர்கள்ல கிரீடத்துல குட்டி அமிதாப புத்தர் இருந்தா அவலோகிதேஸ்வரர், ஸ்தூபி இருந்தா மைத்ரேயர், வாளும் ஏடும்னா மஞ்சுஸ்ரீ. அவலோகிதர நமக்கு தூரத்து ஆளா நினைக்காதீங்க, அகத்தியர் தமிழக் கேட்டதே அவர்கிட்டதான்னு 11ம் நூற்றாண்டு இலக்கண நூல் வீரசோழியம் சொல்லுது, நம்ம பொதிகை அகத்தியர்தான். மணிமேகலையிலயும் மணிபல்லவத்துல அவ பழம்பிறப்ப அறியுறது ஒரு பீடிகைய, அதாவது புத்தரோட பீடத்த வணங்கித்தான், சிலைய இல்ல. சாஞ்சிக் குதிரைக்கும் இதுக்கும் உள்ள உறவ நீங்களே யோசிச்சு ஒரு பதில்ல எழுதிப் பாருங்க.

நிறைய பேரு தடுமாறுத இடம் புத்தரா சமணத் தீர்த்தங்கரரான்னு. ரெண்டு பேரும் சம்மணம் போட்டு, காது நீண்டு, கண்ண மூடி இருப்பாங்க. இதுக்கு புத்தகம் வேண்டாம், கழுகுமலைக்குப் போங்க. கோவில்பட்டி போயி அங்க இருந்து சங்கரன்கோவில் ரோட்டுல பஸ் இருக்கு. எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு பாண்டியர் காலத்துச் சமணச் சிற்பம் மலைப் பாறையில வரிசை வரிசையா இருக்கு. துணி இருக்கா இல்லையா, தலைக்கு மேல முக்குடை இருக்கா, தலையில புத்தருக்கு இருக்குத மாதிரி உஷ்ணிஷ மேடு இருக்கா, இத மட்டும் ஒவ்வொண்ணாப் பாருங்க. படமெடுத்த பாம்பு குடை பிடிச்சா பார்சுவநாதர், ஆனா புத்தருக்கும் முசலிந்த நாகம் குடை பிடிக்கும், அதனால பாம்ப மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க. நின்ன நிலையில கொடி சுத்தி இருந்தா பாகுபலி. போற அன்னைக்கு பக்கத்துல வெட்டுவான் கோயிலயும் பாத்துருங்க, அது தனியா ஒரு மார்க்குக்கு வரும்.

அஜந்தாவுக்கு ரெண்டே விஷயம் எழுதி வச்சுக்கிடுங்க: சைத்தியம் கும்பிடுத இடம், விகாரம் பிக்குக தங்குத இடம், ஓவியம் காஞ்ச பூச்சு மேல வரைஞ்சது, ஈரத்துல வரையுற பிரெஸ்கோன்னு எழுதுனா தப்பு. பத்மபாணி ஓவியம் முதல் குகை, படுத்த பரிநிர்வாணப் புத்தர் 26ம் குகை.

தமிழ் மீடியத்துல எழுதுறவங்க முத்திரை பேர எல்லாம் ஒரே மாதிரி எழுத்துல எழுதப் பழகுங்க, ஒரு தடவ பூமிஸ்பரிசம், மறு தடவ நிலந்தொடுதல்னு மாத்தாதீங்க. பதில் ஓரத்துல ஸ்தூபி படம் பென்சில்ல போட்டு பாகம் குறிக்கதுக்கு வீட்டுலயே கை பழக்கிருங்க, ஹால்ல மொத தடவையா வரைஞ்சா நேரம் ஓடிரும். கழுகுமலைக்கு காலையிலயே போயிருங்க, பதினோரு மணிக்கு மேல அந்தப் பாறையில கால் வைக்க முடியாது.